ஹீட்டர் மாற்றப் போறீங்களா? வடசென்னை வீடுகளுக்கான கேள்வி பதில்

திருவொற்றியூரில் எங்கள் அடுக்ககத்தில் 18 வீடு. எல்லாரும் ஏறக்குறைய ஒரே வருஷத்தில் குடி வந்தவர்கள், ஒரே சமயத்தில் பாத்ரூமில் வெந்நீர் ஹீட்டர் மாட்டியவர்கள். அதனால் ஹீட்டர்களும் வரிசை கட்டித்தான் போய்ச் சேருகின்றன. சங்கச் செயலாளர் என்ற பாவத்துக்கு மோட்டார், லிஃப்ட், குப்பை என்று எல்லாவற்றுக்கும் என் கதவைத் தட்டுகிறவர்கள் இதற்கும் தட்டினார்கள். நான் எலக்ட்ரீஷியன் இல்லை. முதல் ஹீட்டரில் ஏமாந்து, இரண்டாவதில் கற்றுக்கொண்டு, அப்புறம் பத்துப் பன்னிரண்டு வீட்டில் மாட்டும்போது கூட நின்று பார்த்தவன், அவ்வளவுதான்.

அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி, எண்ணூர் பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

"ஹீட்டர்ல தண்ணி ஒழுகுது சார். ரிப்பேர் பண்ணிப் பாக்கலாமா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாமா?"

எங்கிருந்து ஒழுகுகிறது என்று முதலில் பாருங்கள். மெயினை அணைத்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தால் சொட்டு எங்கே பிறக்கிறது என்று தெரிந்துவிடும். சுவரிலிருந்து வரும் கனெக்ஷன் பைப்பின் நட்டு என்றால் வாஷர் மாற்றினால் போதும். அடியில், தண்ணீரைச் சூடாக்கும் காயில் மாட்டியிருக்கும் தட்டைச் சுற்றி என்றால் கேஸ்கெட். வால்விலிருந்து என்றால் அது பழுதே இல்லாமலும் இருக்கலாம், பின்னால் தனியாகச் சொல்கிறேன். தண்ணீர் சூடாகவில்லை, ட்ரிப் ஆகிறது என்றால் பெரும்பாலும் காயில் அல்லது தெர்மோஸ்டாட் (போதிய சூடு ஏறியதும் கரண்டை நிறுத்தும் பாகம்). டேங்க் நன்றாக இருந்தால் இவற்றை மாற்றி இன்னும் சில வருஷம் ஓட்டலாம்.

வெளிக்கூட்டின் இடுக்கு வழியாகத் துரு நிறத்தில் கசிந்தால் உள்ளே டேங்க் ஓட்டை. அதற்கு வெல்டு வைத்துக் காசைக் கரைக்காதீர்கள். என்னுடையது ஐந்தாவது வருஷம் இப்படித்தான் போனது. காயலான் கடையில் எடைக்குப் போடும்போது, சும்மா ஓர் ஆர்வத்தில், கிரைண்டர் வைத்து நடுவில் பிளக்கச் சொன்னேன். முட்டை ஓடு மாதிரி வெள்ளைத் தகடுகள் ஒரு சொம்பு நிறையக் கொட்டின. காயில் மேல் உப்பு ஏறி அது இருந்த பருமனைவிட மூன்று மடங்காகியிருந்தது. டேங்கை அரிக்காமல் காக்கும் ஆனோட் ராடு, கட்டைவிரல் தடிமனில் இருந்திருக்க வேண்டியது, சைக்கிள் ஸ்போக் மாதிரி வெறும் கம்பியாக நின்றது. அதைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் கீழே சொல்லும் பாதி விஷயம் எனக்கே புரிந்தது.

"நாங்க நாலு பேர். 25 லிட்டர் வாங்கணும்னு கடைக்காரர் சொல்றாரு. சரியா?"

பெரும்பாலான வீடுகளுக்கு 15 லிட்டர் போதும். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மார்கழி விடியலில் எங்கள் மொட்டை மாடி டேங்கில் தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தபோது 25 டிகிரி. குளிக்கச் சுகமான சூடு 40 டிகிரி. ஹீட்டருக்குள் 60 டிகிரிக்குச் சூடான 15 லிட்டரில் 20 லிட்டர் பச்சைத்தண்ணீர் கலந்தால் 40 டிகிரியில் 35 லிட்டர் கிடைக்கும், அதாவது இரண்டு பக்கெட். 2 கிலோவாட் காயில் அதைச் சூடாக்க 18 நிமிடம் எடுக்கும். முதல் இரண்டு பேர் குளித்துத் தலை துவட்டுவதற்குள் அடுத்த இரண்டு பேருக்குத் தயார். 25 லிட்டர் என்றால் மூன்றரை பக்கெட், ஆனால் சூடாக அரை மணி நேரம்.

ஷவரில் நின்று குளிக்கிறவர்கள், ஏழு மணிக்குள் நாலு பேரும் கிளம்பியாக வேண்டிய வீடு, கூடவே படுத்திருக்கும் பெரியவரைத் தினமும் குளிப்பாட்டும் வீடு என்றால் 25 வாங்குங்கள். மற்றபடி, கடைக்காரர்கள் சொல்லும் லிட்டர் கணக்கு வடநாட்டுக் குளிருக்குப் போட்ட கணக்கு. நமக்குச் சித்திரையில் குழாயைத் திறந்தாலே வெந்நீர் வருகிறது.

"சின்னதா 3 லிட்டர் இன்ஸ்டன்ட் இருக்கே, விலையும் கம்மி. அது போதாதா?"

பக்கெட்டில் பிடித்துக் குளிப்பவர்களுக்குப் போதும், நம் ஊர்த் தட்பவெப்பத்துக்கு நன்றாகவே போதும். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் 25 டிகிரித் தண்ணீரை 40 டிகிரியாக்கி நிமிடத்துக்கு 3 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கொடுக்கும். 16 லிட்டர் பக்கெட் நிறைய ஐந்தரை நிமிடம். குழாயைச் சிறிதாகத் திறந்து வைத்துவிட்டுப் பல் தேய்த்தால் முடிந்தது.

ஷவருக்கு இது ஆகாது. ஷவர் நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டினால் அதே ஹீட்டரால் 5 டிகிரிதான் ஏற்ற முடியும். "கம்பெனி ஏமாத்திட்டான்" என்று என்னிடம் வந்த இரண்டு வீட்டிலும் நடந்தது இதுதான்.

"எந்தக் கம்பெனி நல்லதுன்னு மட்டும் சொல்லிடுங்க, மத்ததெல்லாம் எதுக்கு?"

என்னிடம் அதிகம் வந்த கேள்வி இது. நான் பதில் சொல்லாத கேள்வியும் இதுதான். எங்கள் அடுக்ககத்திலேயே ஒரே கம்பெனி, ஒரே மாடல் ஹீட்டர் ஒரு வீட்டில் ஒன்பது வருஷம் ஓடியது, எதிர் வீட்டில் நான்கில் முடிந்தது. ஒன்பது வருஷம் ஓடிய வீட்டில் வருஷா வருஷம் திறந்து கழுவினார்கள். எதிர் வீட்டில் அதை ஒருநாளும் திறக்கவே இல்லை. கம்பெனிக்கு முன்னால், உங்கள் சம்புக்கு எந்தத் தண்ணீர் வருகிறது என்று கேளுங்கள்.

கடலோரமாக இருப்பதால் நம் பக்கத்துப் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரில் உப்பு அதிகம். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்துவிட்டது என்று 1960களின் கடைசியிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் நிலையத்தை, வடசென்னைக்கும் தண்ணீர் தரக் காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கினார்கள். அந்தத் தண்ணீரும் புழல் ஏரித் தண்ணீரும் ஹீட்டருக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் மெட்ரோ வாட்டர் வராத நாளில் போரைப் போட்டு அதே சம்பில் நிரப்புகிறோம். ஹீட்டருக்குப் போவது அந்தக் கலவைதான்.

டேங்க் வகைக்கு வருவோம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் துருப்பிடிக்காது என்று நம்பி நான் முதலில் ஏமாந்தேன். சாதாரணமாகப் போடும் 304 ரக ஸ்டீலில் உப்புத் தண்ணீரின் குளோரைடு ஊசி குத்தியது போல ஓட்டை போடும், அதுவும் வெல்டிங் ஓரங்களில். சூடு ஏற ஏற அது வேகமாகும். கண்ணாடிப் பூச்சு போட்ட இரும்பு டேங்க், அதாவது கிளாஸ்லைன்டு, போர் தண்ணீர் வீட்டுக்கு நான் சொல்வது. பூச்சில் மயிரிழை விரிசல் விட்டாலும் ஆனோட் ராடு காப்பாற்றும். காயிலும் கண்ணாடிப் பூச்சு போட்டதாகவோ இன்கலாய் உலோகமாகவோ இருந்தால் நல்லது. முழுக்க மெட்ரோ வாட்டர் மட்டும் வரும் அதிர்ஷ்டசாலிகள் எந்த டேங்கையும் வாங்கலாம். இதெல்லாம் முடிவான பிறகு, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, சர்வீஸ் ஆள் உங்கள் பின்கோடுக்கு வருவாரா என்று பார்த்துக் கம்பெனியைத் தேர்ந்தெடுங்கள். கடையில் கேட்காமல் சர்வீஸ் நம்பருக்கே போன் போட்டுக் கேளுங்கள்.

"எங்க தண்ணி அவ்ளோ உப்பு இல்லையே. எப்படித் தெரிஞ்சுக்கறது?"

தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அடுக்ககத்துக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் போதும். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. எங்கள் சம்பில் மெட்ரோ வாட்டர் நாளில் ஒரு எண், போர் நாளில் மூன்று மடங்கு எண். அதனால் ஒரே நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், ஒரு வாரம் பாருங்கள்.

மீட்டர் இல்லாவிட்டாலும் வீடே சொல்லும். பாத்ரூம் பக்கெட் வெள்ளை பூத்துச் சொரசொரப்பாக இருக்கிறதா, சோப்பு நுரைக்க அடம் பிடிக்கிறதா, ஷவர் ஓட்டைகள் அடைத்துக்கொள்கின்றனவா? அப்படியென்றால் ஹீட்டருக்குள் அதைவிட மோசம், ஏனென்றால் தண்ணீர் சூடாகும்போதுதான் சுண்ணாம்பு பிரிந்து படியும்.

"ஆனோட் ராடுன்னு ஏதோ சொல்றீங்களே, அது என்னங்க? மாத்தவே தேவையில்லைன்னு கடையில சொன்னாங்க."

காசிமேட்டில் இரும்புப் படகைக் கரையேற்றி வைத்திருப்பதைப் பார்த்திருந்தால், அடிப்பகுதியில் துத்தநாகக் கட்டிகள் பொருத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்ன வரும்போது முதலில் அந்தக் கட்டியைத் தின்னும். அது தீரும்வரை இரும்புக்கு ஆபத்தில்லை. ஹீட்டருக்குள் அதே வேலையைச் செய்வது மெக்னீசியம் ராடு. உள்ளே ஒரு கம்பி, அதைச் சுற்றி மெக்னீசியம். எல்லாம் கரைந்து கம்பி மட்டும் மிஞ்சினால் அடுத்து டேங்க்தான்.

போர் தண்ணீர் வீட்டில் வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள், பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். நல்ல தண்ணீர் வீட்டில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். கழற்றும்போதே டேங்கில் தங்கிய உப்பையும் கழுவிவிடலாம். கூடவே வாரண்டி கார்டின் பொடி எழுத்தைப் படியுங்கள். டேங்குக்கு ஏழு வருஷம் என்று பெரிதாகப் போட்டுவிட்டு, உப்புத் தண்ணீரால் கெட்டால் பொறுப்பில்லை என்றோ, ஆனோடைக் காலத்தில் மாற்றியிருக்க வேண்டும் என்றோ கீழே எழுதியிருப்பார்கள். எனக்கு அந்த வரியைக் காட்டித்தான் கையை விரித்தார்கள். மாற்றும்போது பில் கேட்டு வாங்கி வையுங்கள்.

"சாஃப்ட்னர் போட்டுட்டா இந்தத் தொல்லையெல்லாம் போயிடுமா?"

பாதி போகும். சாஃப்ட்னர் தண்ணீரிலுள்ள கால்சியம், மெக்னீசியத்தை எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும். சுண்ணாம்பு படியாது, சோப்பு நுரைக்கும், காயில் சுத்தமாக இருக்கும். ஆனால் மொத்த உப்பு அப்படியேதான் இருக்கும், குளோரைடும் போகாது. அதனால் டேங்கை அரிப்பது நிற்காது. சாஃப்ட்னர் போட்ட வீட்டிலும் ஆனோடைப் பார்க்கத்தான் வேண்டும்.

"5 ஸ்டார் வாங்கினா கரண்ட் பில் எவ்ளோ குறையும்?"

ஸ்டார் எதைக் குறிக்கிறது என்றால், சூடான தண்ணீர் சும்மா இருக்கும்போது டேங்க் எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதை. தண்ணீரைச் சூடாக்க ஆகும் கரண்ட் 1 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். 15 லிட்டரை 25-இலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 0.6 யூனிட். ஒரு நாளைக்கு மூன்று தடவை என்றால் இரண்டு மாதத்தில் சுமார் 110 யூனிட். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தரும் 100 யூனிட்டை ஹீட்டர் ஒன்றே விழுங்கிவிடும். 500 யூனிட் எல்லையில் தடுமாறும் வீடுகளுக்கு இது பெரிய விஷயம், தாண்டினால் ஸ்லாப்பே மாறிவிடும்.

இருபது நிமிடம் போட்டு, அணைத்து, எல்லாரும் அடுத்தடுத்துக் குளித்துவிடும் வீட்டில் ஸ்டாரால் பெரிய மிச்சமில்லை. காலையில் ஒருவர், பத்து மணிக்கு ஒருவர், ஷிஃப்ட் முடிந்து ராத்திரி ஒருவர் என்று குளிக்கும் வீட்டில் 5 ஸ்டார் கொடுத்த காசைத் திருப்பித் தரும்.

"அப்போ எப்பவும் ஆன்லயே விட்டுடலாமா? தெர்மோஸ்டாட் தானா கட் பண்ணுமே."

கட் பண்ணும். ஆனால் ஆறியதும் திரும்பப் போடும். அந்த வீண்செலவு ஒருபக்கம், உப்புத் தண்ணீரை நாள் முழுக்கச் சூடாக வைத்திருந்தால் படிவதும் அரிப்பதும் இன்னொரு பக்கம். தெர்மோஸ்டாட் கெட்டுப்போய், அதற்குப் பின்னால் காவலுக்கு இருக்கும் கட்-அவுட்டும் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அணைத்துவிடுங்கள்.

"அண்ணா, குளிக்கும்போது குழாயைத் தொட்டா லேசா சுருக்குன்னுது. உப்புத் தண்ணியாலயா?"

உப்புத் தண்ணீரால் இல்லை, அது கரண்ட். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே போய் மெயின் போர்டில் ஹீட்டரின் எம்.சி.பி.யை (லோடு கூடினால் தானாக விழும் சுவிட்சு) இறக்கிவிட்டு வாருங்கள். காயிலின் உறை வெடித்துக் கரண்ட் தண்ணீரில் இறங்குகிறது. எர்த்து சரியாக இருந்திருந்தால் அது மண்ணுக்குப் போயிருக்கும். இங்கே உங்கள் வழியாகப் போகிறது. இரண்டு கோளாறு சேர்ந்தால்தான் இது நடக்கும், அதனால் காயிலை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது.

எலக்ட்ரீஷியனிடம் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்சு) இல்லையென்றால், புது ஹீட்டர் வாங்கும் காசில் முதலில் அதை வாங்குங்கள். எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. எங்கள் அடுக்ககத்தில் முதல் தடவை சோதித்தபோது மூன்று வீட்டுப் பாத்ரூம் பிளக்கில் எர்த்து ஒயரே இழுக்கவில்லை. கட்டியவர் மூன்று ஓட்டை பிளக்கை மட்டும் அழகாக வைத்திருந்தார்.

"எங்களுது பழைய வீடு. பாத்ரூம்ல சின்ன பிளக்தான் இருக்கு. அதுலயே சொருகிக்கலாமா?"

கூடாது. 2 கிலோவாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், 3 கிலோவாட் 13. சின்ன பிளக் 6 ஆம்பியருக்கானது. மெயின் போர்டிலிருந்து தனி எம்.சி.பி. வைத்து, 2 கிலோவாட்டுக்கு 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) செம்பு ஒயர், 3 கிலோவாட்டுக்கு 4 ஸ்கொயர் இழுத்து, பெரிய பவர் பிளக் வையுங்கள். சுவிட்சு பாத்ரூமுக்கு வெளியே இருக்கட்டும்.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துச் சுண்ணாம்புச் சுவர் வீடுகளுக்கு இன்னொன்று. 15 லிட்டர் ஹீட்டர் தண்ணீரோடு 25 கிலோ வாக்கில் இருக்கும். அந்தச் சுவரில் ஆங்கர் போல்ட் பிடிப்பது மாதிரி பிடித்து, ஆறு மாதத்தில் தளரும். சுவரின் மறுபக்கம் தகடு வைத்து நீள போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். வாரிய வீடுகளின் மெல்லிய சுவருக்கும் இதே கதைதான், அல்லது எடை குறைந்த 3 லிட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"சாயங்காலம் வோல்டேஜ் கம்மி ஆகுது. ஸ்டெபிலைசர் வாங்கணுமா?"

வேண்டாம். குறைந்த வோல்டேஜில் ஹீட்டர் கெடாது, சோம்பும். 230-க்குப் பதில் 190 வந்தால் காயிலின் சக்தி மூன்றில் இரண்டாகும், 18 நிமிடம் 27 நிமிடமாகும். பொறுத்துக்கொள்ளலாம்.

"8 பார் போட்டிருக்கறதுதான் வாங்கணுமாமே?"

முப்பது மாடி வீட்டுக்கு. மேலே தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் கீழே 1 பார் அழுத்தம். மூன்று மாடி வீட்டில் அதைத் தாண்டுவதே கஷ்டம், பிரஷர் பம்ப் வைத்திருந்தால் 2, 3 பார் வரும். நல்ல டேங்கில் 8 பார் கூடவே வந்தால் வரட்டும், அதற்காகத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

"கேஸ் ஹீட்டர் சீக்கிரம் சுடுதே, கரண்ட்டும் மிச்சம். ஏன் வேணாங்கறீங்க?"

அடைத்த பாத்ரூமுக்குள் மாட்டினால் உயிர் போகும், அதனால்தான். காற்றோட்டமில்லாத இடத்தில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையும் கிடையாது, கண்ணும் எரியாது. குளிக்கப் போனவர் மயங்கி விழுவார், வெளியே இருப்பவர்களுக்குத் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். திறந்த பால்கனியிலோ வெளிச்சுவரிலோ மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவர முடிந்தால் யோசிக்கலாம். நம் பக்கத்து ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் அப்படி இடம் கிடைப்பது அபூர்வம்.

"சொந்த வீடு, மொட்டை மாடி காலியா இருக்கு. சோலார் போடலாமா?"

போடலாம். வெயிலுக்கு நமக்குப் பஞ்சமில்லை. இரண்டு விஷயம் பாருங்கள். பச்சைத்தண்ணீர் டேங்க் சோலார் டேங்கைவிட உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேடை கட்டும் செலவு சேரும். போர் தண்ணீர் என்றால் குழாய்களுக்குள் உப்பு படியும், வருஷா வருஷம் கழுவ ஆள் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சூரியன் காணாமல் போகும் வாரத்தில்தான் வெந்நீர் ரொம்பத் தேவைப்படும் என்பதால், உள்ளே கரண்ட் காயிலும் சேர்த்து வாங்குங்கள்.

"தம்பி, எங்க காலத்துல அண்டாவுல வெச்சு அடுப்புல போட்டோம். இப்ப ஒரு ராடு வாங்கிப் பக்கெட்டுல போட்டா ஆகாதா?"

ஆகும் பாட்டி, ஆனால் அந்த ராடில்தான் வீட்டுக்கு வீடு ஷாக் கதை இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் விரல் வைக்க வேண்டும், இரும்பு வாளி ஆகவே ஆகாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் கண்ணை எடுக்கக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் இதில் ஒன்று தவறினாலும் முடிந்தது. பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஈரத்தரையில் நடக்கும் வயசா உங்களுக்கு? 3 லிட்டர் இன்ஸ்டன்ட் மாட்டிக்கொள்ளுங்கள்.

"புது ஹீட்டர், வாங்கி ஒரு வாரம்தான் ஆச்சு. வால்வுல சொட்டு சொட்டா விழுது."

முதல் கேள்வியில் தள்ளிவைத்த விஷயம் இது. தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டர் 60 டிகிரிக்குப் போகும்போது சுமார் 200 மில்லி, ஒரு டம்ளர் அளவு கூடும். பின்னால் போக வழியில்லாதபடி ஒருவழி வால்வு இருப்பதால் அந்த ஒரு டம்ளர் சேஃப்டி வால்வு வழியாக வெளியே வரும். சூடாகும்போது மட்டும் சொட்டினால் வால்வு வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுங்கள். ஒரு குழாயை மாட்டி மூலையில் விட்டுவிடுங்கள்.

அணைத்து, ஆறிய பிறகும் நிற்காமல் ஒழுகினால் வால்வில் உப்பு சிக்கியிருக்கும் அல்லது அழுத்தம் அதிகம், ஆளைக் கூப்பிடுங்கள். எரிச்சலில் அதை எம்சீல் வைத்து அடைத்த ஒருவரை எனக்குத் தெரியும். அடைத்தால் ஹீட்டர் மூடி போட்ட குண்டுதான். அன்றைக்கே பிடுங்க வைத்தேன்.

"மொட்டை மாடி டேங்க் காலி ஆயிடுச்சுன்னா, தெரியாம ஹீட்டர் போட்டா எரிஞ்சுடுமா?"

ஏற்கனவே நிரம்பிய ஹீட்டர் என்றால் எரியாது. வெந்நீர் தானாக வெளியே வருவதில்லை, அடியில் பச்சைத்தண்ணீர் புகுந்து மேலே தள்ளினால்தான் வரும். மேல் டேங்க் காலியானால் குழாயில் வராது, ஆனால் ஹீட்டருக்குள் தண்ணீர் நிற்கும். ஒருவழி வால்வு இல்லாத பழைய இணைப்பு என்றால் கீழ் வீட்டுக் குழாயைத் திறக்கும்போது உறிஞ்சிக்கொண்டு போக வாய்ப்புண்டு. காயில் காய்ந்து எரிவது பெரும்பாலும் புதிதாக மாட்டிய அன்று, அல்லது கழுவி மாட்டிய அன்று, நிரப்பாமல் சுவிட்சைப் போடுவதால்.

"சுடுதண்ணில மட்டும் அழுகின முட்டை நாத்தம் வருது. சாக்கடை கலந்துடுச்சா?"

பச்சைத்தண்ணீரிலும் நாற்றம் வந்தால் சம்பைப் பாருங்கள், சாக்கடையாக இருக்கலாம். வெந்நீரில் மட்டும் என்றால் ஹீட்டருக்குள்தான். போர் தண்ணீரிலுள்ள சல்பேட்டைத் தின்னும் ஒருவகைப் பாக்டீரியா டேங்கில் தங்கி, மெக்னீசிய ராடோடு சேர்ந்து அந்த வாயுவை உண்டாக்கும். ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தால் தூக்கலாக இருக்கும். தெர்மோஸ்டாட்டை முழுதாக வைத்துச் சூடாக்கி, மொத்தத்தையும் வடித்துவிடுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் மெக்னீசியத்துக்குப் பதில் அலுமினியம்-துத்தநாக ராடு கிடைக்குமா என்று கேளுங்கள். ராடையே கழற்றி எறிந்துவிட்டால் நாற்றம் நிற்கும், கூடவே டேங்கின் ஆயுளும்.

"மிக்ஜாம் அப்போ எங்க வீட்டுல இடுப்பளவு தண்ணி. ஹீட்டர் மேல இருந்ததால நனையல. திரும்ப வந்தா அப்படியே போட்டுக்கலாமா?"

2023 டிசம்பரில் எங்கள் கீழ்த்தளத்திலும் இதே நிலைமைதான். ஹீட்டர் நனையாது, அதற்குப் போகும் பிளக் பெட்டியும் சுவருக்குள் ஓடும் ஒயரும் நனையும். எர்த்துக் குழியும் சேறாகியிருக்கும். சுவர் காய்ந்து, எலக்ட்ரீஷியன் பார்த்து, ஆர்.சி.சி.பி. நிற்கிறதா என்று சோதித்த பிறகுதான். அதுவரை அடுப்பில் வெந்நீர்.

"வாடகை வீடு. ஓனர் போட்டுத் தர மாட்டேங்கறாரு. நானே வாங்கலாமா?"

ஹீட்டர் உங்களுடையது, ஒயரிங்கும் குழாயும் ஓனருடையது என்று பேசிக்கொள்வது நியாயம். காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போவேன் என்பதை முதலிலேயே சொல்லி, வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்பி வையுங்கள். கழற்றி மாட்டச் சுலபம் என்பதால் 3 லிட்டரே மேல்.

"நாளைக்கு மாட்ட ஆள் வர்றாரு. நான் பக்கத்துல நின்னு என்ன பாக்கணும்?"

வெந்நீர் போகும் குழாய் எது என்று கேளுங்கள். வெள்ளை யூ.பி.வி.சி. பச்சைத்தண்ணீருக்கு மட்டும்தான், 60 டிகிரியில் இளகும். வெந்நீருக்கு வெளிர் மஞ்சளாக இருக்கும் சி.பி.வி.சி. வேண்டும். செங்குத்தாக மாட்டும் மாடலை இடமில்லை என்று படுக்கவைக்க விடாதீர்கள், அதற்குத் தனி மாடல் உண்டு. பழைய கனெக்ஷன் பைப்பை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சுவிட்சைத் தொடும் முன் வெந்நீர்க் குழாயைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். முதலில் புஸ்ஸென்று காற்று வரும், அப்புறம் திக்கித் திக்கி, கடைசியில் சீராகத் தண்ணீர் வரும். அதன் பிறகுதான் கரண்ட். தெர்மோஸ்டாட்டை 50, 55-இல் வைத்தால் உப்பு குறைவாகப் படியும், குழந்தைக்குத் தவறிப் பட்டாலும் கொப்பளிக்கும் ஆபத்து குறைவு. வாரத்தில் ஒருநாள் மட்டும் 60-க்கு ஏற்றுங்கள், உள்ளே கிருமி தங்காமல் இருக்க. ஆள் கிளம்புவதற்குள் ஒரு மார்க்கர் எடுத்து, மாட்டிய தேதியை ஹீட்டரின் அடியிலேயே எழுதிவிடுங்கள். அடுத்த வருஷம் ஆனோட் எப்போது பார்க்க வேண்டும் என்று பில்லைத் தேடி அலமாரியைக் கலைக்க வேண்டியிருக்காது.